ஒரு பிடி தவிடு

கோட்டை வாசலில் கூடை இறக்கும் மீன்காரிகளில் செல்வம்மாளுக்கு வாய் கொஞ்சம் நீளம். டச்சுக்காரர்கள், அந்நாள் வழக்கில் ஒல்லாந்தர், பழவேற்காட்டில் கொடியேற்றி உட்கார்ந்திருந்த காலம் அது. கோட்டைச் சிப்பாய் எவனாவது மீனைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாங்காமல் நகர்ந்தால், அவன் ஏழு தலைமுறைக்கும் சேர்த்து அவள் வாழ்த்துப் பாடிவிடுவாள். அவனுக்குத் தமிழ் புரியாது, சிரித்துக்கொண்டே போவான். பக்கத்துக் கூடைக்காரிகள்தான் முந்தானையால் வாயை மூடிக்கொள்வார்கள்.

அவளிடம் மட்டுமே வாங்குகிற துரை ஒருவர் இருந்தார். கோட்டையில் மருந்து கொடுக்கிறவர், ஹென்ட்ரிக் என்று பெயர். குப்பத்து வாயில் அது எந்திரிக்கு துரை ஆகிவிட்டது. மற்றவர்கள் கொடுவாவும் இறாலும் கேட்டால் இவர் யாரும் தின்னாத மீனாகப் பார்த்துக் கேட்பார். தொட்டால் ஊதிக்கொள்ளும் பேத்தை வேண்டும், வலையில் தப்பித் தவறி ஏறும் கடல்குதிரை வேண்டும். கொண்டுபோய்ச் சாராயம் ஊற்றிய கண்ணாடி ஜாடியில் போட்டு வைப்பாராம்.

"குடிக்க வேண்டியதுல மீன ஊறப் போடறாரு. இன்னா ஜென்மமோ," என்பாள் செல்வம்மாள். ஆனாலும் வேறு யாராவது அவரைக் கிண்டல் செய்தால் அவளுக்குப் பொறுக்காது.

அவள் புருஷன் தேசப்பன் ஏரியில் வலை போடுகிறவன். குப்பத்தில் புதுப் படகு எது தண்ணீரில் இறங்கினாலும், அதன் மூக்கில் கண்ணும் மீனும் எழுதுவது அவன் கைதான். செங்காவி, மஞ்சள், சுண்ணாம்பு, விளக்குக்கரி, இவ்வளவுதான் அவன் சரக்கு. ஒரு நாள் துரை கேட்ட மீன் கிடைக்கவில்லை என்று, அதைக் கூடை மூடியில் படமாக எழுதிக் கொடுத்தனுப்பினான். துரை மூடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். மறுநாள் அவரே குப்பத்துக்கு நடந்து வந்துவிட்டார்.

அவர் ஊருக்குத் திரும்புகிற வருஷம் அது. இந்த ஏரியிலும் கடலிலும் உள்ள மீன்களையெல்லாம் படமாக எழுதி ஒரு பெரிய புத்தகம் போட வேண்டும் என்பது அவர் ஆசை. மூன்று வருஷம் என் வீட்டில் வந்து இருந்து எழுதிக் கொடு, திருப்பிக் கப்பலேற்றி அனுப்புவது என் பொறுப்பு என்றார். தேசப்பன் மறுபேச்சில்லாமல் தலையாட்டினான். அப்போதே அவன் கண் குப்பத்தில் இல்லை.

"நீ மட்டும் போவியா? நான் இங்க குந்திக்கினு கடலப் பாத்துக்கினு கெடக்கணுமா?" என்றாள் செல்வம்மாள். "நானும் வரேன். பவுனும் வருது."

பவுனு அவர்கள் மகள், ஐந்து வயது. அவளுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மூத்தது பதினோரு நாளில் போயிற்று, அடுத்தது தவழும் பருவத்தில். அதனால் பவுனு தும்மினாலும் செல்வம்மாள் நெஞ்சு அடித்துக்கொள்ளும். கப்பலேறுவதற்கு முன்னால் கங்கையம்மன் கோயிலில் நின்று, கூட்டிக்கொண்டு போகிறதை முழுசாகக் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். புருஷனைப் பற்றித் தனியாக எதுவும் கேட்கவில்லை. அவன் எப்படியும் வந்து சேருவான் என்று விட்டுவிட்டாள்.

ஏழு மாதக் கடல். அப்புறம் வாய்க்கால் ஓரத்தில் நெட்டையான ஒரு வீடு. ஒல்லாந்தில் ஒரு சின்ன ஊர் அது. கீழே பின்கட்டில் இவர்களுக்கு ஓர் அறை, மேலே துரையும் அவர் மனைவி கத்தரீனாவும். கல்யாணமாகிப் பதினாறு வருஷமாக அந்த அம்மாளுக்குப் பிள்ளை இல்லை. செல்வம்மாள் அவளைக் கத்திரியம்மா என்று கூப்பிட்டாள். அந்த அம்மாளும் அதற்குத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கப் பழகிக்கொண்டாள்.

முதல் வருஷம் நன்றாகவே போயிற்று. அதை மறைத்துச் சொல்வது பாவம். தோட்டத்தைப் பார்த்த அறையில் தேசப்பனுக்குப் பெரிய மேஜை, தடித்த காகிதம், சிப்பி ஓடுகளில் குழைத்து வைத்த வர்ணங்கள். ஆனால் சாராயத்தில் ஊறிய மீனெல்லாம் அவித்த கிழங்கு நிறத்துக்கு வந்திருந்தன. தேசப்பன் அவற்றை ஓரமாக வைத்துவிட்டு, உயிரோடு இருந்தபோது இருந்த நிறத்தில் எழுதினான். துரை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மீனையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தப் பச்சை எங்கே இருக்கிறது? நான் பார்க்கிற மீனில் இல்லையே?"

"அது செத்துப் போச்சு துரை. மீனோட சேந்து பச்சையும் செத்துப் போச்சு."

சாட்சிக்குச் செல்வம்மாளைக் கூப்பிட்டார்கள். அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு வந்தவள் படத்தைப் பார்த்து, "கிளிமீனுக்கு வால்ல மஞ்சள வுட்டுட்டியேய்யா, இத்த எவ வாங்குவா?" என்றாள். அன்றிலிருந்து அவளுக்கும் மேஜைப் பக்கத்தில் ஒரு முக்காலி போடப்பட்டது. எந்த மீன் எந்தக் காற்றில் வரும், எதற்கு வயிற்றில் வெள்ளி, எதற்குச் செவுளில் ரோஜா என்று அவள் சொல்லச் சொல்லத் துரை எழுதிக்கொண்டார்.

பவுனு அந்த ஊர்ப் பேச்சைத் தண்ணீர் குடிப்பதுபோலக் கற்றுக்கொண்டாள். அந்தப் பேச்சில் தாய்க்கு 'மூடர்' என்று பெயராம். அதைக் கேட்ட அன்று செல்வம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். "பெத்தவள மூடர்னு கூப்புடற ஊரு! சரியாத்தான் பேரு வச்சிக்கீறாங்க!"

இரண்டாவது குளிர்காலத்தில் பவுனுக்கு இருமல் கண்டது. பின்கட்டு அறையில் கருங்கல் தரை, சுவரெல்லாம் ஈரம். இருமல் நெஞ்சுக்கு இறங்கி, காய்ச்சலாகி, மாதக் கடைசியில் துணியில் ரத்தம் தெரிந்தது. துரை தனக்குத் தெரிந்த மருந்தெல்லாம் கொடுத்தார். பிறகு செல்வம்மாளின் முகத்தைப் பார்க்காமல் நடமாடத் தொடங்கினார். அவளுக்கு அது போதும், புரிந்துவிட்டது.

குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை தங்காத வீட்டில், அடுத்துப் பிறந்ததை முறத்தில் கிடத்தி, வேறொருத்திக்கு ஒரு பிடி தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். எமன் தேடிவரும்போது அந்த வீட்டுக்குப் பிள்ளையே இருக்காது. தவிட்டுக்குப் போன பண்டத்தை அவனும் மதிக்க மாட்டான். வாங்கினவள் பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்து நாலடி நடப்பாள். பிறகு திரும்பி வந்து, "இது எம் புள்ள, நீ வளத்துக் குடு" என்று சொல்லிப் பெற்றவள் கையிலேயே கொடுத்துவிடுவாள். ஒரே ஒரு கட்டுப்பாடு. இது சும்மா, விளையாட்டுக்குச் செய்தது என்று எவரும் எந்தக் காலத்திலும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் எமன் காதில் விழும், விழுந்தால் பிள்ளை போய்விடும்.

பவுனு பிறந்தபோதே நாத்தனார் ஜெயம்மா தவிட்டோடு வந்து நின்றாள். செல்வம்மாள்தான் கொடுக்கவில்லை. என் பிள்ளையை ஒரு பேச்சுக்குக்கூட இன்னொருத்தி பிள்ளை என்று சொல்ல மாட்டேன் என்று மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இப்போது அந்த வீம்பு அவளைப் பிடுங்கித் தின்றது.

"கத்திரியம்மாவுக்கு வித்துடலாம்யா," என்றாள் புருஷனிடம்.

காலையில் தேசப்பன் குதிரை லாயத்திலிருந்து கோதுமைத் தவிடு வாங்கி வந்து, ஒரு கிண்ணத்தில் போட்டுக் கத்தரீனா அம்மாள் கையில் கொடுத்தான். முறத்துக்கு எங்கே போவது? மீன் கூடையின் மூடியைக் கீழே போட்டு அதன்மேல் பவுனைப் போர்வையோடு உட்கார வைத்தார்கள். ஏழு வயதுப் பெண், கழுத்து நிற்காமல் சாய்ந்தது.

"இந்தப் பெண்ணை இவள் உங்களுக்குக் கொடுக்கிறாள். அதற்கு ஈடாக ஒரு பிடி தவிடு கேட்கிறாள்," என்று தேசப்பன், அதற்குள் தட்டுத்தடுமாறிப் பழகியிருந்த அவர்கள் பேச்சில் சொன்னான்.

அந்த அம்மாள் முகம் வெளுத்துவிட்டது. ஏதோ கேட்டாள். தேசப்பன் தயங்கினான்.

"இன்னா கேக்குறாங்க?"

"எத்தினி நாளைக்குன்னு கேக்குறாங்கமே."

"காலத்துக்கும்னு சொல்லு."

அவன் கூடை மூடியில் சாய்ந்திருந்த பிள்ளையைப் பார்த்தான்.

"சொல்லுய்யா! இல்லன்னா எதுக்கு இது?"

அவன் சொன்னான். கத்தரீனா அம்மாள் முழந்தாளிட்டுத் தவிட்டை அள்ளிச் செல்வம்மாளின் முந்தானையில் போட்டாள். கண்ணில் தாரை தாரையாக நீர். பவுனை வாரி எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு நாலடி நடந்தாள். ஐந்தாவது அடியும் நடந்தாள். அப்படியே படியேறி மேலே போய்விட்டாள்.

அவளுக்குத் திரும்பி வந்து ஒரு சொல் சொல்ல வேண்டும் என்று தெரியாது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. குப்பத்தில் பிறந்த எவளுக்காவது அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்ததா? செல்வம்மாள் முந்தானையில் தவிட்டோடு படிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மேல்மாடியில் கணப்பு எந்நேரமும் எரிந்தது, மெத்தை இருந்தது, பால் இருந்தது. இரண்டே வாரத்தில் பவுனுக்குக் காய்ச்சல் விட்டது. வசந்தம் வருவதற்குள் தோட்டத்தில் ஓடினாள். கணப்பால் பிழைத்தாளா, தவிட்டால் பிழைத்தாளா என்று நாம் கேட்கலாம். செல்வம்மாளுக்கு அந்தச் சந்தேகமே இல்லை.

அவள் அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தாள். கத்திரியம்மா இன்றைக்குச் சொல்வாள், நாளைக்குச் சொல்வாள் என்று மாதங்கள் போயின. பவுனு மேலேயே படுத்தாள், மேலேயே சாப்பிட்டாள். மரியா என்று பெயர் மாறியது. ஒரு நாள் தோட்டத்தில் விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டவள், "மூடர்!" என்று அலறிக்கொண்டு ஓடினாள். வாசலில் நின்ற செல்வம்மாள் இரண்டு கையையும் நீட்டினாள். பிள்ளை அவளைத் தாண்டி மேலே ஓடியது.

"அந்தம்மாவுக்குத் தெரியாதுமே. நான் பக்குவமா சொல்லிடறேன்," என்றான் தேசப்பன்.

செல்வம்மாள் அவன் வாயைப் பொத்தினாள். "சொன்னா வெளையாட்டுன்னு ஆயிடும். புள்ள போயிடும்யா."

புத்தகம் முடிந்தது. கப்பலுக்கு நாள் குறித்தாயிற்று. பவுனின் உடுப்பு எதுவும் மூட்டைக்கு வரவில்லை. பொறுக்க முடியாமல் தேசப்பன் போய்த் துரையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். இது எங்கள் குப்பத்துச் சடங்கு, நிஜமாகக் கொடுத்ததில்லை என்று.

திரும்பி வந்தவன் முகத்தைப் பார்த்ததுமே செல்வம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. "சொல்லிட்டியா? படுபாவி, சொல்லிட்டியா?"

"அவங்க பேச்சுலதான்மே சொன்னேன். எமனுக்கு ஒல்லாந்து பேச்சு தெரியுமா இன்னா?"

"எம் பொண்ணு கீற ஊர்ல அவனும் கீறான். எல்லாம் கத்துக்கினு இருப்பான்."

மூன்றாம் நாள் பவுனு மறுபடி இருமினாள். பருவம் மாறுகிற நேரம், அந்தத் தெருவில் பாதிப் பேர் இருமிக்கொண்டிருந்தார்கள். செல்வம்மாள் காதில் ஒரே ஓர் இருமல்தான் விழுந்தது.

எந்திரிக்கு துரை நல்லவர். பெற்றவளிடமிருந்து பிள்ளையைப் பிரிக்க அவருக்கு மனம் வரவில்லை. அழுதழுது படுத்துவிட்ட மனைவியிடம் பிடுங்கவும் துணிவில்லை. ஊர்ப் பெரியவர் ஒருவரைப் பொது மனிதராக அழைத்து வந்தார். நரைத்த மனிதர். எல்லோரையும் முன்னறையில் உட்கார வைத்தார். கத்தரீனா அம்மாளும் அவள் பக்கத்தில் பவுனும், எதிரே இவர்கள் இருவரும். துரை மட்டும் அந்தப் பேச்சைக் கேட்க மனமில்லாமல் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

"பெற்றவள் சொல்வதுதான் முடிவு," என்றார் அவர். "அன்று நடந்தது உங்கள் ஊர் விளையாட்டு என்று அவள் ஒரு சொல் சொல்லட்டும். பிள்ளை இன்றைக்கே அவளோடு போகும். நிஜமாகக் கொடுத்தேன் என்றால் பிள்ளை இங்கே இருக்கும்."

தேசப்பன் அதைத் தமிழில் சொன்னான். சொல்லி முடித்து, அவள் காதருகே குனிந்து, "வெளையாட்டுன்னு சொல்லிடு செல்வம். உன் கால்ல வுழறேன். கூட்டிக்கினு பூடலாம்," என்றான்.

பவுனு இருமினாள். கையால் வாயைப் பொத்தி, சத்தம் வராமல் இருமப் பார்த்தாள்.

செல்வம்மாளுக்கு அந்தப் பிள்ளையை அள்ளி முகர்ந்து பார்த்தால் போதும் என்றிருந்தது. வேறு எதுவும் வேண்டாம், ஒரு தரம் போதும். ஆனால் சொன்ன மறுகணமே எமன் வாசலில் வந்து நிற்பான் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். நடுக்கடலில் ஏழு மாதத்தில் எந்த நாளிலோ, ஒரு சின்னத் துணிமூட்டையைக் கப்பல்காரர்கள் தண்ணீரில் இறக்குவார்கள். ஏற்கெனவே இரண்டை மண்ணுக்குக் கொடுத்தவள் அவள்.

"மெய்யாத்தான் குடுத்தேன்," என்றாள்.

தேசப்பன் பெரியவர் பக்கம் திரும்பினான். அவன் மாற்றிச் சொல்லிவிடலாம். அந்த அறையில் அவனைத் தடுக்க யாருக்கும் தமிழ் தெரியாது, பவுனைத் தவிர. பவுனும் எவ்வளவோ மறந்துவிட்டிருந்தாள். அவன் என்ன செய்யப் பார்க்கிறான் என்று செல்வம்மாளுக்குப் புரிந்துவிட்டது. அந்த ஊர்ப் பேச்சில் அவளுக்கு முப்பது சொல் தெரியும். இல்லை என்பதற்கு அவர்கள் 'நே' என்பார்கள். அவள் புருஷனை ஒதுக்கிவிட்டு எழுந்து நின்றாள்.

"விளையாட்டா?" என்று பெரியவர் அவளையே நேராகப் பார்த்து, மெதுவாக, அவர்கள் பேச்சில் கேட்டார்.

"நே," என்றாள் செல்வம்மாள்.

அந்தச் சொல் அங்கிருந்த எல்லோரையும்விட நன்றாகப் புரிந்தது பவுனுக்குத்தான். ஒன்பது வயது முடிகிற பெண். தாயை ஏறிட்டுப் பார்த்தாள், அழவில்லை. பிறகு கத்தரீனா அம்மாளின் பாவாடை மடிப்பைப் பிடித்துக்கொண்டாள்.

புறப்படுகிற அன்று அவளைக் கீழே கூட்டி வந்து வாசலில் நிறுத்தினார்கள். கட்டிக்கொண்டால் எமனுக்குக் காட்டிக் கொடுத்ததாகிவிடும். அண்டை வீட்டுப் பிள்ளையிடம் சொல்வதுபோல, "நல்லா இரும்மா," என்று சொல்லிவிட்டுச் செல்வம்மாள் வண்டியில் ஏறினாள்.

கப்பலில் தேசப்பன் அவளோடு பேசவில்லை. ஆப்பிரிக்க முனை தாண்டியும் பேசவில்லை. இலங்கைக் கரை தெரிந்த அன்றுதான், "கஞ்சி குடிச்சியா?" என்று கேட்டான். அவன் அவளை மன்னித்தானா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அதற்கப்புறமும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள்.

பழவேற்காட்டில் இறங்கியதும் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "புள்ள எங்க?"

"எனக்கு ஏது புள்ள?" என்றாள் செல்வம்மாள்.

கேட்டவர்கள் விக்கித்துப்போனார்கள். பிறகு அரசல்புரசலாகக் கதை பரவியது. வெள்ளைக்காரனுக்குப் பிள்ளையை விற்றுத் தின்றவள் என்று குப்பம் பேசியது. கொஞ்ச காலம் அவள் கூடையில் யாரும் கை வைக்கவில்லை. ஒரு நாள் ஜெயம்மாவே முகத்துக்கு நேராகக் கேட்டாள், "தவுட்டுக்குத்தான் குடுத்தியாமே? அது வெளையாட்டுதானே அண்ணி? உம் புள்ளதானே அது?" எவ்வளவு ஆசையாக இருந்திருக்கும், ஆமாம் என்று சொல்லி அந்த மடியில் விழுந்து அழ! "இன்னா வெளையாட்டு? வித்தது வித்ததுதான்," என்று சொல்லிக் கூடையைத் தூக்கிக்கொண்டாள். முன்பு ஊரையே சிரிக்க வைத்த வாய் அது. அதற்குப் பிறகு மீன் பெயரைத் தவிர அதிகம் பேசியதில்லை.

வருஷத்துக்கு ஒரு கடிதம் துரையிடமிருந்து கோட்டைக்கு வரும். அங்கே எழுத்து வேலை பார்த்த ஜான் அதைத் தேசப்பனுக்குப் படித்துச் சொல்வான். செல்வம்மாள் உள்ளே போக மாட்டாள். மகிழ்ந்தால் முகத்தில் தெரிந்துவிடும் என்று பயம். வெளியே நின்று, புருஷன் நடந்து வருகிற நடையைப் பார்ப்பாள். நிதானமாக வந்தால், பிள்ளை இருக்கிறது. அவ்வளவு போதும் என்று கூடையைத் தலையில் ஏற்றிக்கொள்வாள்.

ஒரு வருஷம் தேசப்பன் வெளியே வரவில்லை. ஜான் வந்து அவளையே உள்ளே கூப்பிட்டான். அவள் கூடையை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடினாள்.

"பயப்படாதீங்கக்கா. நல்லாத்தான் இருக்காங்க," என்றான் ஜான். "இந்தத் தடவை அவங்களே உங்களுக்கு எழுதியிருக்காங்க."

அவன் படித்தான். எனக்குப் பதினெட்டு வயது ஆகிறது. அடுத்த மாதம் கல்யாணம். என்னைப் பெற்றவளிடம் ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அந்தப் பெரியவர் கேட்டபோது நீ சொன்னது உண்மையா? அப்பா சொன்னதுதான் உண்மை, அது விளையாட்டு என்று ஒரு வரி எழுதினால் போதும். உன்னைப் பார்க்க வர மாட்டேன், எதுவும் கேட்க மாட்டேன். அந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொள்வேன்.

தேசப்பன் சுவர் பக்கம் திரும்பி நின்று அழுதுகொண்டிருந்தான். "செல்வம், பதினெட்டு வயசாயிடுச்சிமே. கண்ணாலம் ஆவப்போவுது. இனிமே இன்னா ஆயிடும்? ஒரு வரி எழுதச் சொல்லு."

கல்யாணம் என்ற சொல் செல்வம்மாளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. என் பெண்ணுக்குக் கல்யாணம். முகத்தை அவள் கல்லாக வைத்துக்கொண்டாள்.

"கண்ணாலம் ஆவணும், புள்ள பொறக்கணும், கெழவியாவணும்," என்றாள். "அதுக்கு இன்னும் எத்தினி வருசம் கீது? இப்ப வந்து வாயத் தொறக்கச் சொல்றியே."

ஜான் இறகை மையில் தொட்டுக்கொண்டு காத்திருந்தான். "என்னக்கா எழுதட்டும்?"

"தவுட்டுக்கு வித்தேன், மெய்யாத்தான் வித்தேன்னு எழுது."

அவன் எழுதினான். எழுதி முடித்து, "கீழே யாருன்னு போடறது? அம்மான்னு போடட்டுமா?" என்று கேட்டான்.

"வேணாம்," என்றாள் செல்வம்மாள். "மீன்காரின்னு போடு."